முந்திரிகைத் தோட்ட ஒழுங்கைகளில் கிறவல் சைக்கிள்: முற்பணம் கொடுக்குமுன் ரயரின் பக்கத்தைப் படியுங்கள்

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு தந்தையார் எழுதியிருக்கிறார். இத்தாலியில் முந்திரிகைத் (திராட்சை) தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் நடுவே கிறவல் (சரளைக்கல்) பாதைகளில் சைக்கிள் ஓடுகிறவர்களின் காணொளிகளைப் பார்த்த அவருடைய மகன், கோப்பாய், நீர்வேலி ஒழுங்கைகளிலும் மணற்காட்டுச் சவுக்கங்காட்டிலும் அப்படியே ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறாராம். பாவித்த கிறவல் சைக்கிள் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர் ஒருவர் 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா விலை சொல்லி, அதில் பாதியை இந்த வாரமே முற்பணமாகக் கேட்கிறார். வீட்டிலோ அப்பப்பா காலத்து ரலி (Raleigh) சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறது. எங்கள் மண்ணுக்கு அந்த விலையுயர்ந்த சைக்கிள் உண்மையிலேயே தேவையா, அல்லது இருப்பதைத் திருத்தி ஓடலாமா என்பதே அவருடைய கேள்வி.

முற்பணம் கொடுக்க வேண்டாம். இருப்பதைத் திருத்தி ஓடலாம். முப்பது வருடங்களாகச் சைக்கிள் திருத்துகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். கிறவல் பாதையில் ஒரு சைக்கிள் நன்றாக ஓடுவதும் ஓடாததும் முக்கியமாக அதன் ரயரின் அகலத்திலும் அதில் அடைத்த காற்றிலும் தங்கியிருக்கிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

தம்பி பார்த்த காட்சிகள் இத்தாலியின் வெனெற்றோ மாநிலத்துக் குன்றுகளாகவோ, தொஸ்கானா மாநிலத்துக் கியாந்திப் பகுதியாகவோ இருக்கக்கூடும். கிறவல் சைக்கிளோட்டத்தின் முதலாவது உலகப் போட்டி 2022 ஆம் ஆண்டில் வெனெற்றோவிலேயே நடந்தது. அந்தப் போட்டிகளில் ஓடுகிறவர்களின் சைக்கிள்களைப் பார்த்துத்தான் ஆசை பிறக்கிறது. ஆனால் அதே இத்தாலியில், கியாந்தியின் கயோலே என்ற ஊரிலிருந்து 1997 முதல் நடந்துவரும் ‘லெரோயிக்கா’ என்ற ஓட்டத்தில், 1987 ஆம் ஆண்டுக்கு முந்திய வடிவிலான பழைய பந்தயச் சைக்கிள்களைத்தான் அனுமதிக்கிறார்கள். முந்திரிகை வரிசைகளையும் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் வெள்ளைக் கிறவல் வீதிகளில், ஏற்ற இறக்கங்களோடு, ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பழைய இரும்புச் சட்டங்களில் ஓடி முடிக்கிறார்கள். எங்கள் குடாநாடோ தட்டையான சுண்ணக்கல் நிலம். மலை இறங்குவதற்கென்று செய்த தட்டுப் பிறேக்குக்கும் பன்னிரண்டு கியருக்கும் இங்கே அவ்வளவு வேலை இல்லை.

பெரிய ரலிச் சைக்கிளின் ரயர் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலமானது. புதிய கிறவல் சைக்கிள்களில் பூட்டும் ரயர்களும் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர் வரையானவையே. எங்கள் தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பைப்புகளும் முந்திரிகைக் கூடைகளும் ஏற்றிச் சென்ற சைக்கிள்கள், கிறவல் சைக்கிள் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே செம்மண் ஒழுங்கைகளில் அந்த வேலையைச் செய்தவை. ஆகவே சட்டத்தில் வெடிப்பில்லாமல், சில்லுகள் நெளியாமல் இருந்தால், உங்கள் ரலியே போதும். பின்சில்லின் பல்லுச்சக்கரத்தை மட்டும் 18 பல்லிலிருந்து 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றி, அதற்கேற்பச் செயினைச் சற்று நீட்டிக்கொண்டால், மணலில் முழங்கால் நோகாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைகளில் அதிகம் பணம் பறிபோவது இந்த இடத்தில்தான். ‘28 இஞ்சி ரயர்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது ஒரே அளவானதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரயர் போய் அமரும் றிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பெரிய ரலியின் 28 × 1½ ரயரில் 40-635 என்று இருக்கும். கிறவல் சைக்கிளின் ரயரில் 40-622 என்று இருக்கும். இரண்டையும் 28 என்றே சொல்வார்கள். மலைச் சைக்கிள்காரர் 29 என்று சொல்வதும் இதே 622 தான். 635 க்கும் 622 க்கும் உள்ள வித்தியாசம் 13 மில்லிமீற்றர், ஒரு விரலின் தடிப்பளவு. ஆனால் அந்த ஒரு விரலில்தான் உயிர் தங்கியிருக்கிறது. 622 ரயர் உங்கள் ரலியின் றிம்மில் எந்த நெம்புகோலாலும் ஏறாது. வாங்கிய காசு வீண். மறுபக்கம் அதைவிடக் கொடியது: 622 றிம்மில் 635 ரயர் கையாலேயே சுலபமாக ஏறிவிடும், பார்வைக்குச் சரியாக இருந்தும் காற்றேறியதும் விளிம்பை விட்டு நழுவும். வீட்டில் நிற்கும் ரலி சிறியதாக இருந்தால் அது 26 × 1⅜, அதாவது 37-590. அதற்கும் மலைச் சைக்கிளின் 26 இஞ்சி ரயர் பொருந்தாது, அது 559. ஆகவே கடையில் இஞ்சி சொல்லிக் கேட்காமல், பழைய ரயரின் எண்ணை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போய், புதியதில் அதே கடைசி மூன்று இலக்கங்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

இப்படி நழுவிய ஒரு சில்லை நான் நேரில் கண்டேன். ஒரு மாணவர் வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். ரயர் தேய்ந்தபோது ஒரு கடையில் உள்ளூர் 28 ஐப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நீர்வேலியில் ஒரு முந்திரிகைப் பந்தலின் ஓரமாக ஒழுங்கை திரும்புமிடத்தில் முன்ரயர் றிம்மை விட்டுக் கழன்று, ரியூப் வெளியே பிதுங்கி, வெடிச்சத்தத்தோடு கிழிந்தது. தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் முதலில் ஓடிவந்திருக்கிறார். அந்தச் சில்லை என்னிடம் கொண்டுவந்தபோது ரயரின் கம்பி விளிம்புக்கும் றிம்முக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது. தாடையில் நான்கு தையல். பூட்டியவர் அந்த எண்ணை ஒருமுறை வாசித்திருந்தால் அது நடந்திருக்காது. ஒருவருக்கும் பயிற்சி கொடுக்காமல், ஒரு தராதரப் பத்திரமும் கேட்காமல், யாரும் எதையும் பூட்டி அனுப்பலாம் என்று விட்டுவைத்திருக்கும் நிலை எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

அடுத்தது காற்று. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் இயந்திரத்தால் கல்லுப்போலக் காற்றடித்துக்கொண்டு கிறவலில் ஓடினால், சில்லு துள்ளும், மணலில் புதையும், மணிக்கட்டு வலிக்கும். 40 மில்லிமீற்றர் ரயருக்கும் 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கும் முன்சில்லில் 35, பின்சில்லில் 40 இறாத்தல் (psi) அளவில் தொடங்கலாம். அதற்கும் மிகக் கீழே இறக்கினால், சுண்ணக்கல் முனையில் மோதும்போது ரியூப் றிம்முக்குள் நசிந்து அருகருகே இரண்டு துளைகள் விழும். முள்ளுக்கு வேறு வழி வேண்டும். வேலி வெட்டியபின் ஒழுங்கையில் சிதறிக் கிடக்கும் முட்கிளுவைக் கொப்புகளும், மணற்பாங்கில் படரும் நெருஞ்சியும் புது ரயரையும் விடா. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் பழைய ரியூப்பை நீளப்பாட்டுக்குக் கிழித்து, ரயருக்கும் புது ரியூப்புக்கும் இடையில் பட்டியாக வைத்து ஓடினோம். இன்றைக்கும் அதைவிட மலிவான நல்ல பாதுகாப்பை நான் காணவில்லை. பட்டியின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்து வையுங்கள். ஏறினால் அந்த விளிம்பே ரியூப்பை அராவிவிடும்.

முந்திரிகைத் தோட்டங்களில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இத்தாலியில் கொடிகளை வரிசை வரிசையாக நிறுத்தி வளர்க்கிறார்கள். இங்கே தலைக்கு மேலே பந்தலில் படரவிடுகிறார்கள். பந்தலுக்கடியில் பாதை இருப்பதுபோலத் தோன்றினாலும் அது ஒருவரின் தோட்டம், அங்கே கொடிகளின் வேர் இருக்கிறது. ஒழுங்கையோடு நிற்க வேண்டும். மருந்து தெளிக்கும் நேரமானால் திரும்பிவிட வேண்டும்.

மணற்காட்டுக்கான நாளைக் காற்றைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பருத்தித்துறைப் பக்கம் போகும்போது காற்று முதுகில் தள்ளும், தூரம் தெரியாது. திரும்பி வரும்போது வல்லை வெளியில் அது முகத்தில் அடிக்கும். களைத்த கால்களோடு அந்த வெளியைக் கடப்பது கடினம். ஆகவே சோழகத்தில் பாதித் தூரத்துக்கு முன்பே திரும்ப வேண்டும். மாரி மழையில் செம்மண் மட்காட்டுக்குள் (சில்லின் சேற்றுக்காப்பு) அடைத்துச் சில்லே சுற்றாது. அந்த நாட்களில் ஓட வேண்டாம். சவுக்கங்காட்டில் உதிர்ந்த இலை மணலை இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்களில் ஓடலாம், வெறும் மணலில் இறங்கி உருட்ட வேண்டும்.

மணற்காட்டை அடுத்துள்ள குடத்தனைக்கு அப்பால் பாதையின் நிலைமையை நான் உறுதியாகச் சொல்ல முடியாதிருப்பதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. கிறவல் போட்டு உருளை ஓடிச் சில மாதங்களுக்குள் மணல் ஏற்றும் டிப்பர்கள் அதை அலைபோல மடித்துவிடுகின்றன. முறையிடப் போனால், இது எங்கள் வீதி இல்லை, அடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள்; அடுத்த அலுவலகமும் அதையே சொல்கிறது. வேலை தொடங்கியதை அறிவிக்கும் பலகை மட்டும் துருப்பிடித்தபடி நிற்கிறது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் வீதி இது என்பதை எத்தனை தடவை எழுதிக் கொடுப்பது?

மேலும் தெற்கே போக ஆசைப்பட்டால், சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அதன் எல்லைக்குள் போவது குற்றம், ஆகவே வெற்றிலைக்கேணியோடு திரும்புவது நல்லது. முகமாலை, கிளாலிப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே பிரதான வீதியை விட்டு ஒரு சில்லும் இறங்கக் கூடாது, குறுக்குப் பாதை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும். இனந்தெரியாத பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, 119 க்கு அறிவிக்க வேண்டும்.

தரகரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீதிப் பந்தயச் சைக்கிளுக்குக் கிறவல் என்ற பெயரை ஒட்டி விற்பது இவர்களில் பலரின் வழக்கம். ஓரளவு அகலமான ரயரைப் பூட்டிப் படம் அனுப்புவார்கள். அது சட்டத்தை உரசுவது படத்தில் தெரியாது. ரயருக்கும் சட்டத்துக்கும் இடையே, முன் ஃபோர்க்கிலும் பெடல் அச்சுக்குப் பின்னாலும், இருபக்கமும் குறைந்தது 6 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் தொடரிலக்கம் அராவப்பட்டிருந்தால் அந்தச் சைக்கிளைத் தொடவே வேண்டாம், அது களவுப்பொருளாக இருக்கலாம். காபன் சட்டமானால் புதுப் பெயின்ற் அடித்திருப்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம், விழுந்து வெடித்த இடத்தைப் பெயின்ற் மறைத்துவிடும். கண்ணால் பார்க்காத, கையால் தூக்காத சைக்கிளுக்கு எந்தத் தரகரும் முற்பணம் கேட்கக் கூடாது. இந்த வாரமே கொடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்று அவர் சொன்னால், அந்த வேறொருவரே எடுத்துக்கொள்ளட்டும்.

தம்பி ரலியைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு சில்லுகளையும் சுற்றிப் பார்த்து, ரயர்களின் எண்களையும் பின்சக்கரத்தின் பற்களையும் எண்ணி எழுதட்டும். கடைசி மூன்று இலக்கங்களும் 635 என்றால், புது ரயர் இரண்டு, ரியூப் இரண்டு, பிறேக் கட்டைகள், பல்லுச்சக்கரம் ஒன்று ஆகியவற்றோடு அடுத்த ஞாயிறு விடிய கோப்பாய் ஒழுங்கையிலிருந்து புறப்படலாம்.