கோத்தகிரி அப்பாவுக்கு: தோட்டத்தை விற்காதீர்கள், சனிக்கிழமை வகுப்பை நிறுத்தாதீர்கள்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் நீங்களும் அண்ணியும் உங்கள் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, அவள் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்கக் குன்னூருக்கு வந்தீர்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதிப் பேச்சிலேயே எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வீடுகள் மலை முழுக்க உண்டு. அவர்களும் படிக்கட்டும்.

அன்றைக்கு முதல் அரை மணி நேரம் உங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தேன். "எல்லாம் சரியாயிடும்ணா" என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில் இன்னொரு அப்பாவிடமும் இதமாகப் பேசி அனுப்பினேன். அவர் காட்டை விற்று மகனை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். பையன் பட்டத்தோடு திரும்பி வந்து, இங்கே தேற வேண்டிய தகுதித் தேர்வை நான்காவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே நான் கறாராகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அதே தப்பைச் செய்ய மாட்டேன்.

அதனால் நேரடியாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் ஏஜெண்டிடம் வாங்கி, கோயம்புத்தூர் மாமா கொடுத்தனுப்பிய செலவுத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அந்தத் தாளில் 28 லட்சம் என்று போட்டிருந்தது. கல்லூரிக் கட்டணமும் விடுதியும்தான் அதில் அடக்கம். விமான டிக்கெட், பனிக்காலத் துணிமணி, ரூபாய் மதிப்பு இறங்கினால் கூடுகிற தொகை எதுவும் அதில் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். திரும்பி வந்து தகுதித் தேர்வில் தேறிய பிறகு இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. சமீப வருடங்களில் அந்தத் தேர்வு நடந்த பல முறைகளில், எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. இதையெல்லாம் ஏஜெண்ட் சொன்னாரா? மாமாவுக்காவது தெரியுமா? பாப்பா இப்போது பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. அதைப் பாதியில் விட்டால், அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் மாதாமாதம் வரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் நின்றுவிடும். ஒரு ஏக்கர் தேயிலையை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, அவள் கேட்காத ஒன்றை வாங்கித்தரப் போகிறீர்கள்.

கேட்காத ஒன்று என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் வெளியே டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் அவளிடம் கேட்டேன். "மருத்துவம் பிடிக்கலைன்னு இல்ல மேடம், அதப் பத்தி நான் நெனச்சதே இல்ல. அப்பா முகத்தப் பாத்தா சொல்ல வர மாட்டேங்குது" என்றாள். உங்களிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

இனி நீங்கள் கொண்டுவந்த புகாருக்கு வருகிறேன். "சனிக்கிழமை ஆனா போதும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல போய் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளை உக்கார வச்சு என்னமோ கத பேசிட்டு வர்றா. பாடமும் இல்ல, டியூஷனும் இல்ல, காசும் இல்ல" என்றீர்கள். அண்ணா, அந்த இரண்டு வாக்கியத்துக்குள்தான் உங்கள் மகளின் எதிர்காலமே இருக்கிறது.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. "தேயிலை ஏன் சிவக்கிறது?" என்று அவள் எடுத்த ஐம்பது நிமிட வகுப்பின் குறிப்பு அதில் இருக்கிறது. பிள்ளைகள் வரும் வழியிலேயே இரண்டு இலையும் கொழுந்துமாகப் பறித்து வந்திருக்கிறார்கள். பாதியை இட்லிப் பானையில் ஆவி காட்டி எடுத்தாள், பாதியை அப்படியே வைத்தாள். இரண்டையும் தனித்தனியாக நசுக்கி, இரண்டு எவர்சில்வர் தட்டில் பரப்பினாள். மணி அடிக்கும் நேரத்தில் ஆவி காட்டியது பச்சையாகவே இருந்தது, மற்றது செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. இலையில் இருக்கிற ஒரு நொதி, நசுங்கியதும் காற்றோடு சேர்ந்து, இலையில் இருக்கிற கேட்டகின் என்ற நிறமற்ற பொருட்களைச் செந்நிறப் பொருட்களாக மாற்றுகிறது. ஆவியின் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். நீங்கள் வேலை பார்க்கும் தேயிலை பேக்டரியில் ரோலருக்கு அடுத்த அறையில் தினமும் மூக்கால் பார்க்கிற வேலை இது. கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தை அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

குறிப்புக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "12வது நிமிஷம், கடைசி பெஞ்சு மூணு பேர் பேச ஆரம்பிச்சாங்க. நான் நொதிக்கு விளக்கம் சொன்னது நீளம். அடுத்த தடவ முதல்ல தட்டு, அப்புறம் பேச்சு." இருபது வருடமாகப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படிக்கிறேன். தன் வகுப்பு எந்த நிமிடத்தில் தொய்ந்தது என்று குறித்து வைத்துக்கொள்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணை இதற்கு முன் பார்த்ததில்லை.

இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று மாமா சொன்னாராம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற, எல்லாரும் கனவு காணும் கல்லூரியில், 1957லேயே மாணவர்கள் இதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1988 முதல் 'ஸ்பிளாஷ்' என்ற பெயரில், வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு ஆசைப்பட்ட எதை வேண்டுமானாலும் சொல்லித் தருகிறார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. எந்த வகுப்பில் உட்காருவது என்று பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களுக்கும் அது பரவியது. நம் பாப்பா இதைக் கேள்விப்பட்டே செய்யவில்லை. தானாகவே அந்த வழிக்கு வந்திருக்கிறாள்.

இதை அவள் இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆலோசனை. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அவள் ஒருத்தியே எல்லாம் எடுக்க வேண்டாம். கூடப் படிக்கிறவர்களில் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளட்டும். இயற்பியல் படிக்கும் ஒரு தோழி ஊட்டி பக்கத்து முத்தோரையில் இருந்து வருகிறாளாம். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க அங்கே இருக்கிற வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970ல் கட்டி முடித்த அதற்காக, வானியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் ஏன் ஊட்டி மலைச்சரிவைத் தேடி வந்தார்கள்? அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு. சரிவின் மேலேயே கட்டிவிட்டால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், ஒரே திசையில் திருப்பினாலே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். ஒரு பலகை, ஒரு பந்து, ஒரு டார்ச் இருந்தால் ஐம்பது நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிற பிள்ளைகளுக்கு அது வெறும் கம்பிவேலி. இன்னொரு பையன் மலை ரயிலை எடுத்துக்கொள்ளலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் ஏன் பல் வைத்த இரும்பு ஓடுகிறது, ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடத்தில் வெறும் சக்கரம் ஏன் வழுக்கும் என்று சொல்லலாம். டிசம்பரில் தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டில் ஏன் உறைபனி குறைவு என்பதும் ஒரு வகுப்புதான்.

ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இரண்டு வகுப்பு நடக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. தானே தேர்ந்தெடுத்து உட்கார்ந்த பிள்ளை வேறு மாதிரி கேட்கும். ஓர் அறைக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி, கையால் செய்ய ஒரு வேலை. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பள்ளி ஆசிரியை ஒருவர் கூட இருக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். மூன்றரைக்குள் முடித்துவிட வேண்டும். நம் ஊரில் பொழுது சாய்ந்தால் கரடியும் காட்டெருமையும் தோட்டத்துக்குள் வந்துவிடும், அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தனியாக நடக்க விடக் கூடாது. காட்டுக்குள் கூட்டிப்போகிற யோசனையே வேண்டாம். ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம்: என்ன கேட்டார்கள், எங்கே தொய்ந்தது, அடுத்த முறை எதை மாற்றுவது.

பாப்பாவிடமும் கறாராகச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. அரியர் ஒன்று விழுந்தாலும் அந்தப் பருவம் முழுக்க வகுப்பு எடுக்கக் கூடாது. அப்புறம், சொந்தக் காசு மாதம் 300 ரூபாயைத் தாண்டக் கூடாது. நோட்டின் கடைசிப் பக்கக் கணக்கில் ஒரு மாதம் சார்ட்டுக்கும் பசைக்கும் மட்டும் 640 ரூபாய் போயிருக்கிறது. பாப்பா, புதுமைப் பெண் திட்டத்தின் அந்த 1,000 ரூபாய் உன் படிப்புக்கு வருவது, சார்ட்டுக்கு இல்லை.

சரி, "இத வச்சு என்ன வேலை?" என்று கேட்டீர்கள். போட்டித் தேர்வு, வங்கி என்று தெருவில் எல்லாரும் சொல்கிற வழிகளை நான் சொல்லப் போவதில்லை, அவை உங்களுக்கே தெரியும். பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் இரண்டு வருட எம்.ஏ. இருக்கிறது. எந்தப் பட்டம் படித்தவர்களும் சேரலாம். பாடத்திட்டம் எப்படி எழுதுவது, ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது, பிள்ளைக்குப் புரியாதபோது என்ன நடக்கிறது என்பதைத்தான் அங்கே படிக்கிறார்கள். முடித்தவர்கள் கல்வித் தொண்டு நிறுவனங்களிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பாடநூல் தயாரிப்பிலும் வேலை செய்கிறார்கள். நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு. நேர்முகத்தில் உட்காரும்போது அவள் கையில் நாற்பது வகுப்புகளின் நோட்டு இருக்கும். எத்தனை பேரால் அதைக் காட்ட முடியும்? பின்னால் அறிவியல் கல்வியிலேயே ஆராய்ச்சி செய்ய ஆசை வந்தால், தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துக்கு முயலலாம். முத்தோரைத் தொலைநோக்கியை நடத்துகிற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும்.

இங்கே செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த எம்.ஏ.வுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். சலுகைக் கடிதம் கைக்கு வந்த பிறகே சேர்க்கை. போதுமான சலுகை கிடைக்கவில்லை என்றால் போகக் கூடாது, கடன் வாங்கிப் போகவே கூடாது. அப்போது கோவையில் மகளிருக்கான அரசுக் கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருட பி.எட். படிக்கட்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அரசுப் பள்ளி ஆசிரியை ஆக அவள் ஆசைப்பட்டால் பி.எட்.டும் ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும், அந்த எம்.ஏ. அதற்கு ஈடாகாது. எது வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவளே முடிவு செய்யட்டும். அந்த முடிவில் மாமாவுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை. வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சொந்தக்காரர்கள் வளைகாப்பிலும் கல்யாணத்திலும் கேட்கத்தான் செய்வார்கள். "பொண்ணு என்ன பண்றா?" என்றால், "டீச்சராகப் படிக்கிறா, இப்பவே கிளாஸ் எடுக்கறா" என்று சொல்லுங்கள். பொய் இல்லையே? அண்ணி அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் தோட்டத்தை விற்பது பற்றிப் பேச்சு வந்தபோது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. வருகிற சனிக்கிழமை மலை ரயில் வகுப்பு முதல் தடவையாக நடக்கிறது. பல் சக்கரம் எப்படிப் பிடித்து ஏறும் என்று காட்ட அவர்களுக்கு ஒரு பழைய செயினும், அதற்குப் பொருந்துகிற பல் சக்கரமும் வேண்டுமாம். கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நீங்கள் பேக்டரியில் ஃபிட்டர். கழித்துப் போட்ட செயின் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் கிடக்காதா? மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கிரீஸைத் துடைத்துக் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். வகுப்பு பதினொரு மணிக்கு.