மோட்டார் கொதிக்கிறதா? முதலில் பினியனைப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு 1/10 அளவில் ஒரு பகி ரக ஆர்சி கார் வாங்கிக் கொடுத்தேன். சாதாரண 540 சில்வர் கேன் மோட்டார், 7.2 வோல்ட் பேட்டரி. வேகம் போதவில்லை என்று அவன் சொன்னதால் மோட்டார் முனையில் இருக்கும் சிறிய கியரான 17 பல் பினியனைக் கழற்றிவிட்டு 21 பல் போட்டோம். சாயங்காலம் கடற்கரையில்தான் ஓட்டுவோம். இப்போதெல்லாம் ஐந்தாறு நிமிடத்திலேயே மோட்டாரைத் தொட முடியவில்லை. லேசாகக் கருகல் வாடை வருகிறது, பழைய இழுவையும் இல்லை. டபிள்யூடி-40 அடித்தால் சரியாகும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். அடிக்கலாமா, அல்லது பிரஷ்லெஸ் மோட்டாருக்கே மாறிவிடலாமா?

பதில்: பிரஷ்லெஸ்ஸுக்குத் தாராளமாக மாறலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இப்போது இருக்கிற காரில் எந்த மோட்டாரைப் பொருத்தினாலும் அதுவும் கொதிக்கும். சூட்டுக்கான காரணங்கள் பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றில் இரண்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 21 பல் பினியன், கடற்கரை மணல்.

பினியனில் இருந்து தொடங்குகிறேன். 17 பல்லுக்குப் பதில் 21 பல் போட்டால் சக்கரத்தில் அதே இழுவை கிடைக்க மோட்டார் ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதலாக முறுக்க வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை அதில் பாயும் கரண்ட்டுக்கு ஏற்ப வருவதால் ஆம்பியரும் அதே அளவு கூடும். ஆனால் காயிலில் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1.24-ஐ 1.24-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். நான்கே நான்கு பல்லுக்கு ஒன்றரை மடங்கு சூடு. அதுவும் கெட்டியான தரையில்! டயர் புதையும் மணலில் இன்னும் மோசம். மோட்டார் தன் முழுச் சுற்றுக்கு வரவே முடியாமல் திணறும், அதனால் நீங்கள் எதிர்பார்த்த வேகமும் கிடைக்காது.

சூடு ஏறத் தொடங்கினால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது. சில்வர் கேனில் இருக்கும் ஃபெரைட் காந்தத்தின் வலு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 சதவீதம் குறைகிறது. 30 டிகிரியில் கிளம்பிய மோட்டார் 100 டிகிரியைத் தொட்டால் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும், காந்தத்தின் வலு ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காந்தம் தளர்ந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிக ஆம்பியர் வேண்டும், அதனால் இன்னும் சூடு. ஃபெரைட் ஆறியதும் தன் வலுவைத் திரும்பப் பெற்றுவிடும். ஆனால் வெந்துபோன காயிலின் எனாமல் பூச்சு திரும்ப வராது. உங்களுக்கு வரும் கருகல் வாடை அந்தப் பூச்சில் இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே 17 பல் பினியனையே திரும்பப் போடுங்கள். சேஸிஸில் இடம் இருந்தால் மணலுக்கு 16 இன்னும் நல்லது. மோட்டாரை இடம் நகர்த்திப் பொருத்தும் வண்டியாக இருந்தால் நோட்டுக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்துப் பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே வைத்து அழுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தால் மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. ஸ்பர் கியர் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை என்பதால் நான்கு இடத்தில் சோதியுங்கள். பல் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓட்டை குறிக்கப்பட்ட வண்டி என்றால் 17-க்கு உரிய ஓட்டையில்தான் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். இன்னொன்று, பழைய ஸ்க்ரூ தொலைந்து போய் நீளமான எம்3 ஸ்க்ரூ போட்டுவிடாதீர்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவின் முனை காயிலை உரசி அறுத்துவிடும்.

மோட்டாரைக் கழற்றியிருக்கும்போதே வண்டியைத் தரையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தயக்கமில்லாமல் உருள வேண்டும். கடற்கரையில் ஓடும் வண்டியின் ஆக்ஸிலில் வலை நூலும் தலைமுடியும் சுற்றி இறுகியிருக்கும், பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றினால்தான் கண்ணில் படும். சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் அச்சைத் தாங்கும் வளையமாகப் பிளாஸ்டிக் புஷ் வந்திருந்தால் பால் பேரிங் மாற்றிவிடுங்கள். புது மோட்டாருக்குக் கொடுக்கும் காசைவிட அது பலன் தரும்.

அடுத்தது மணல். உங்கள் மாவட்டத்துக் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் நிறுவனம் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் என்று பிரித்தெடுப்பது இந்த மணலில் இருந்துதான். இல்மனைட்டைப் பிரிக்கக் காந்தத்தையே பயன்படுத்துகிறார்கள். காந்தத்தால் இழுக்கப்படும் கருமணலும் உப்புக்காகிதத்தில் ஒட்டப் பயன்படும் கார்னெட் துகளும் மோட்டாரின் காற்றுத் துளை வழியாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கரிய துகள் காந்தத்தின் மேல் ஒட்டி இடைவெளியை அடைக்கும், கார்னெட் புஷ்ஷையும், சுழலும் காயிலுக்குக் கரண்ட்டைக் கொண்டுபோகும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரையும் அரைக்கும். இதற்கு மேல் உப்புக் காற்று வேறு. கடற்கரையில் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பையனுக்கு அதுதானே சந்தோஷம். அலை ஈரமாக்கி இறுக்கிய மணலுக்குப் பக்கத்தில், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள். உலர்ந்த பொலபொல மணலில் ஓட்டாதீர்கள்.

இப்போது மோட்டாரைக் கையில் எடுங்கள். பினியனை விரலால் மெல்லத் திருப்புங்கள். இரண்டு காந்தமும், நடுவே காயிலோடு சுழலும் மூன்று துருவ ஆர்மேச்சரும் உள்ள மோட்டார் என்பதால் ஒரு சுற்றுக்கு ஆறு இடத்தில் லேசாகப் பிடித்துப் பிடித்து விடும், அது இயல்பு. நறநறவென்று உணர்ந்தால் உள்ளே மணல் இருக்கிறது. ஷாஃப்ட் முன்னும் பின்னும் சற்றே அசையலாம். பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பிறகு இரண்டு ஏஏ பேட்டரியைத் தொடராக இணைத்து மோட்டாருக்குக் கொடுங்கள். ஷாஃப்ட்டை வெவ்வேறு நிலையில் நிறுத்தி ஒவ்வொரு முறையும் தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் மட்டும் அசையாமல், தட்டினால் கிளம்புகிறது என்றால் கம்யூட்டேட்டரைத் தொட்டுக் கரண்ட் தரும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது மூன்று காயிலில் ஒன்று போய்விட்டது. சில்வர் கேனைப் பிரித்துப் பிரஷ் மாற்ற முடியாது, கம்யூட்டேட்டரை லேத்தில் கடைய முடியாது. அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிறது, நறநறப்பு மட்டும்தான் என்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். டபிள்யூடி-40 பற்றிக் கேட்டீர்கள். நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் வழக்கமான டபிள்யூடி-40-ஐ பிரஷ் மோட்டாருக்குள் அடிக்காதீர்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பிரஷ்ஷில் இருந்து உதிரும் கரித்தூள் அந்த எண்ணெயோடு கலந்து பசையாகிக் கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு இடையே உள்ள வெட்டில் அடைந்துகொள்ளும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் காயில் வழியாகப் போக வேண்டிய கரண்ட்டில் ஒரு பகுதி அந்த வெட்டின் குறுக்கே ஓடும். முதல் நாள் மோட்டார் மென்மையாக ஓடுவதுபோலத் தோன்றும், கெடுதல் பிறகுதான் தெரியும். உங்களுக்கு வேண்டியது ஆவியாகிப் போகும் கிளீனர். ஆர்சி கடைகளில் கிடைக்கும் மோட்டார் கிளீனரோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரோ போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஆகும். வண்டிக்கு அடிக்கும் பிரேக் கிளீனர் அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், எனவே வேண்டாம்.

மோட்டாரை வண்டியில் இருந்து எடுத்து, மின்சாரம் எதுவும் இல்லாமல், திறந்த வெளியில் துளைகள் கீழே பார்க்கும்படி பிடித்து அடியுங்கள். ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொண்டே கரியும் மணலும் ஒழுகி வெளியே வரும் திரவம் தெளியும் வரை அடிக்க வேண்டும். நன்றாக உலரும் வரை ஓட்டவே கூடாது. பிரஷ்ஷில் தீப்பொறி பறப்பது இயல்பு, இந்தக் கிளீனர்களில் பலவற்றின் ஆவி பற்றிக்கொள்ளும். பையனை இந்த வேலைக்குத் தனியாக விடாதீர்கள்.

பலரும் விட்டுவிடும் வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. சில்வர் கேனில் ஷாஃப்ட்டைத் தாங்குவது நுண்துளைகள் கொண்ட வெண்கலப் புஷ். அந்தத் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் அதைக் காப்பாற்றுகிறது. கிளீனர் அழுக்கோடு அந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். உலர்ந்ததும் இரு பக்கப் புஷ்ஷிலும் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு வையுங்கள். ஒரே சொட்டு. கூடினால் கம்யூட்டேட்டருக்கு வழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகும்.

டெர்மினலில் ஈயம் வைத்த இடத்தையும், 104 என்று எழுதிய சிறிய கெப்பாசிட்டர்களின் கால்களையும் பாருங்கள். அதிர்வில் விரிசல் விட்டிருந்தால் திரும்பப் பற்றவையுங்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் அங்கேயே மின்சாரம் சூடாக வீணாகும்.

சுத்தம் பலித்ததா என்பதை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் பார்க்கலாம். பேட்டரிக்கும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்கும் நடுவே தொடராக வைத்து, மோட்டாரைச் சுமை இல்லாமல் வைத்து, திராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள். படாரென்று இழுத்தால் கிளம்பும் கணத்தில் பாயும் கரண்ட்டில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நல்ல நிலையில் உள்ள சாதாரண 540 மோட்டார் முழு வேகத்தில் 2 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். சுமையே இல்லாமல் அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்தால் புது மோட்டார் வாங்குங்கள்.

புதிதாக வாங்கினால் நேரே வண்டியில் போட்டு முறுக்காதீர்கள். பிரஷ்ஷின் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு இன்னும் படிந்திருக்காது, ஒரு சிறு விளிம்பில்தான் தொடும். முழுக் கரண்ட்டும் அந்த விளிம்பில் பாய்ந்தால் தீப்பொறி பறந்து செம்பு கருகும். அதே இரண்டு ஏஏ பேட்டரியில், சுமை இல்லாமல், இடையிடையே ஆறவிட்டுக் கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். தண்ணீருக்குள் போட்டு ஓட்டிப் பழக்கும் முறை ஒன்று உண்டு. வேகமாகப் படியும் என்பது உண்மை, ஆனால் புஷ்ஷின் எண்ணெய் போய்விடும், இரும்புக்குத் துரு வரும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெப்பத்தை விரலால் கணிக்க வேண்டாம். கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஆனால் பளபளக்கும் உலோகத்தை அது குறைத்துக் காட்டும், எனவே கேனில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். மூன்று நிமிடம் ஓட்டி ஒரு முறை, பேட்டரி தீர்ந்ததும் ஒரு முறை பாருங்கள். வெளிக்கூடு 75 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. உள்ளே காயில் அதைவிடச் சூடாகவே இருக்கும். ஒரு பேட்டரி முடிந்தவுடன் அடுத்ததை மாட்டாமல் மோட்டார் கைச்சூட்டுக்கு வரும்வரை நிறுத்துங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு பிரஷ்லெஸ். பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் இல்லாததால் உங்கள் வேலை பாதி குறையும், தீராது. சுழலும் ரோட்டாரில் இருப்பது நியோடிமியம் காந்தம், ஃபெரைட்டைவிடப் பல மடங்கு வலுவானது. சாதாரண ரக நியோடிமியத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால் போகும் வலு ஆறினாலும் திரும்பாது. உயர்வெப்ப ரகங்கள் இருந்தாலும் நம் கையில் இருப்பது எந்த ரகம் என்று டப்பாவில் பெரும்பாலும் எழுதியிருக்காது. கருமணலும் இதைத்தான் அதிகம் தேடி ஒட்டும். ஆகவே காற்றுத் துளை உள்ள திறந்த கேன் வாங்காமல், மூடிய கேன் வாங்குங்கள். எப்படியும் துகள் உள்ளே போய்விட்டால் ஊதிப் பயனில்லை. மூடியைத் திறந்து, வாஷர்களின் வரிசையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ரோட்டாரை வெளியே எடுத்து செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். ரோட்டாரைத் திரும்ப நுழைக்கும்போது வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், விரலைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் முதலில் போவது பேரிங். சுற்றும்போது கிறீச்சென்றால் பேரிங்கை ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால் வெர்னியரில் அளந்து புதியது போடுங்கள்.

ஈஎஸ்சியும் மாற்ற வேண்டிவரும். பிரஷ் மோட்டாருக்கான ஈஎஸ்சி பிரஷ்லெஸ்ஸை ஓட்டாது. டாமியாவின் டிபிஎல்இ-02எஸ் போல இரண்டையும் ஏற்பவை சில உண்டு, உங்களுடையது எது என்று மேலே ஒட்டியிருப்பதைப் படியுங்கள். மோட்டாரின் கேவி எண்ணை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) வோல்ட்டால் பெருக்கினால் சுமையில்லாத சுற்று வரும்: 3300 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 24,400 சுற்று. பையனுக்கு வேண்டிய வேகம் அதிலேயே இருக்கிறது, பினியனைப் பெரிதாக்கத் தேவையில்லை. 17 பல்லிலேயே தொடங்கி, மூன்று நிமிடத்தில் நிறுத்தி டேப்பின் மேல் சூடு பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒரு பல் ஏற்றுங்கள்.