ஆர்டர் ஒரு கையில், பாஸ்போர்ட் மறு கையில்: அமெரிக்கப் படைக் குடும்பங்களின் பயணக் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனி, தென்கொரியா, ஜப்பான் என்று பணியில் இருக்கும் நம்மவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. பதில்களில் அடிக்கடி ‘சோஃபா’ வரும். உட்காரும் சோஃபா அல்ல. வெளிநாட்டுப் படைகள் ஒரு நாட்டில் எந்த உரிமையோடு தங்கலாம் என்று சொல்லும் படைநிலை ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயர். முகாமில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஜெர்மனியில் உள்ள ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. எனக்கு அடையாள அட்டையும் ஆர்டரும் (படை தரும் பணி மாற்ற ஆணை) போதுமாம். மனைவிக்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

1951-இல் லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைநிலை ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு அப்படித்தான் பிரித்திருக்கிறது. படைவீரருக்கு இரண்டு காகிதம் போதும். ஒன்று, பெயர், பிறந்த தேதி, பதவி, படைப்பிரிவு, படம் உள்ள அடையாள அட்டை. இரண்டாவது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட பயண ஆணை. இவை இருந்தால் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு. குடும்பத்தாருக்கு இந்த விலக்கு கிடையாது. அவர்கள் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும், அதில் ‘படையினரின் குடும்பத்தார்’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு.

சட்டப்படி தேவையில்லை என்பதற்காக நீங்கள் பாஸ்போர்ட் எடுக்காமல் இருக்காதீர்கள். ஆணையில் எழுதிய பயணத்துக்குத்தான் விலக்கு. வானிலை கெட்டு விமானம் ஒப்பந்தம் இல்லாத நாட்டில் இறங்கினாலோ, ஊரில் ஒரு சாவு என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டி வந்தாலோ, கவுன்ட்டரில் இருப்பவர் நேட்டோவைப் பற்றி விவாதிக்க மாட்டார்.

நோ-ஃபீ பாஸ்போர்ட் இருக்கும்போது காசு கட்டி இன்னொன்று எதற்கு?

நோ-ஃபீ பாஸ்போர்ட் அரசு வேலையாகப் போய்வரக் கட்டணமில்லாமல் தருவது. முகாமின் பாஸ்போர்ட் அலுவலகம் டிடி 1056 படிவத்தில் அனுமதி தரும். அதோடு டிஎஸ்-11 விண்ணப்பம், அசல் குடியுரிமைச் சான்று, இரண்டுக்கு இரண்டு அங்குலப் படம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 5 ஆண்டுதான் செல்லும். ஆர்டர் கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், சாமான் கட்டுவது அப்புறம்.

சொந்தச் சுற்றுலாவுக்குச் சாதாரண பாஸ்போர்ட்தான். 16 வயது ஆனவர்களுக்கு 10 ஆண்டு, அதற்குக் கீழே 5 ஆண்டு. நோ-ஃபீ, சாதாரணம் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது சட்டப்படி சரி. விசாவும் மின்னணு அனுமதியும் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. ஒன்றின் எண்ணில் விண்ணப்பித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போவதுதான் விமான நிலையத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். கணவர் பயிற்சிக்காக வேறு நாட்டில் இருக்கிறார்.

16 வயதுக்குக் கீழே என்றால் இரு பெற்றோரும் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, அப்போது காட்டிய அடையாள அட்டையின் முன்பக்க, பின்பக்க நகலோடு அனுப்பலாம். படையின் சட்ட அலுவலகத்திலேயே நோட்டரி கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் 3 மாதம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆறு மாதம் முன்னாலேயே வாங்கி வைத்தால் வீண்.

ஜெர்மனிக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. விடுமுறைக்குக் கிளம்பும்போது ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில், 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டீர்கள் என்று மனைவியை நிறுத்திவைத்துவிட்டார்கள். என்ன தப்பு நடந்தது?

கவுன்ட்டரின் அந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார். பதினான்கு மாதத்துக்கு முந்தைய நுழைவு முத்திரை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியேறிய முத்திரையே இல்லை. ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே எல்லை விதியில் சேர்ந்திருக்கும் ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில், சுற்றுலாப் பயணி எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் கண்ணுக்கு உங்கள் மனைவி பதினோரு மாதம் அதிகம் தங்கிய சுற்றுலாப் பயணி. அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைத் தடுப்பது, படையினரின் குடும்பத்தார் என்று பாஸ்போர்ட்டில் ஏறும் சோஃபா சான்றுதான். ஜெர்மனி வந்து சேர்ந்ததும் முகாமின் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட், ஆர்டர், குடும்ப அடையாள அட்டை மூன்றையும் எடுத்துப் போய் வாங்க வேண்டும். வீடு பார்ப்பது, பள்ளிக்கூடம், கார் என்று அலைந்ததில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் சான்றை வாங்கி ஒரு பாஸ்போர்ட்டில் ஏற்றிவிட்டு, பயணத்துக்கு மற்றதை மட்டும் எடுத்துப் போகிறார்கள். எல்லை தாண்டும்போது இரண்டு பாஸ்போர்ட்டும், மனைவி பெயர் எழுதிய ஆர்டரின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். ஆர்டரில் பெயர் விட்டுப்போயிருந்தால் திருத்த ஆணை வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

காரில் பக்கத்து நாட்டுக்குத்தானே என்றும் அசட்டையாக இருக்க வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் காபி குடிக்கப் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும்.

கொரியாவிலும் ஜப்பானிலும் இதே கதைதானா?

ஒப்பந்தங்கள் வேறு, சிக்கல் ஒன்றுதான். ஜப்பானோடு 1960-லும் கொரியாவோடு 1966-லும் தனித்தனியாகக் கையெழுத்தானவை. அங்கேயும் படைவீரருக்கு விலக்கு, குடும்பத்தாருக்குப் பாஸ்போர்ட். கொரியாவில் சோஃபா குடும்பத்துக்கான குடிவரவுத் தகுதியின் பெயர் ஏ-3. இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கியவர் வெறும் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால், சுற்றுலாப் பயணி என்று பதிந்து அனுப்பிவிடுவார்கள். அடையாள அட்டையையும் ஆர்டரையும் சேர்த்தே நீட்டுங்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன்னால், அங்கேயே நின்று, என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நிமிடத்தில் திருத்துவது சுலபம். முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்றால் குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டும்.

லீவில் லண்டன் போகிறோம். நான் அமெரிக்கக் குடிமகன், மனைவி இந்திய பாஸ்போர்ட்.

லீவில் போகும்போது நீங்கள் படைவீரர் அல்ல, பயணி. 2025 ஜனவரி 8 முதல் அமெரிக்கக் குடிமக்களுக்கு இங்கிலாந்து இடிஏ என்ற மின்னணு முன்அனுமதி வேண்டும். மனைவிக்கு முறையான இங்கிலாந்து விசாவே வேண்டும். ஜெர்மனியின் சோஃபா சான்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டாது.

பிராகில் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டேன்.

முதல் போன் உங்கள் பிரிவுக்கு. அடுத்தது உள்ளூர்ப் போலீஸில் புகார், அதன் நகல் கையில் இருக்கட்டும். திரும்ப பாஸ்போர்ட்டில் வாருங்கள். முகாமின் அட்டை அலுவலகத்தில் இரண்டு அசல் அடையாளச் சான்று கேட்பார்கள், ஒன்றில் படம் இருக்க வேண்டும். தொலைந்ததற்குப் பிரிவு தரும் கடிதமோ போலீஸ் புகாரோ இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதையொட்டி ஒன்று. ஹோட்டலிலோ வாடகைக் கார் கடையிலோ ராணுவ அட்டையை அடமானமாக விட்டுவைக்காதீர்கள். அரசு வேலை, மருத்துவம் போன்ற தேவைகள் தவிர அதை நகலெடுப்பதே அமெரிக்கச் சட்டத்தின் 18-ஆம் தொகுதி 701-ஆம் பிரிவின்படி குற்றம். ரிசப்ஷனில் கேட்டால் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

லாண்ட்ஷ்டூல் ராணுவ மருத்துவமனையில் பிரசவம். அமெரிக்க முகாமில் பிறந்தால் குழந்தை அமெரிக்கக் குடிதானே?

இல்லை. வெளிநாட்டில் உள்ள முகாம் அமெரிக்க மண் ஆகாது. குடியுரிமை பெற்றோர் வழியாகத்தான் வரும். திருமணமான பெற்றோரில் ஒருவர் மட்டும் குடிமகன் என்றால், பிறப்புக்கு முன் அவர் 5 ஆண்டு அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும், அதில் 2 ஆண்டு 14 வயதுக்குப் பிறகு. வெளிநாட்டில் நல்ல முறையில் செய்த ராணுவப் பணியும் அந்தக் கணக்கில் சேரும். முதலில் ஜெர்மன் பதிவாளரிடம் பிறப்புச் சான்று. அதை வைத்து அமெரிக்கத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவும் முதல் பாஸ்போர்ட்டும். பிறகு படையினர், குடும்பத்தார் பெயர்கள் இருக்கும் டீர்ஸ் என்ற படைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதுவரை குழந்தையை எல்லை தாண்டித் தூக்கிப் போகாதீர்கள்.

நீங்களே இன்னும் கிரீன் கார்டில் பணியாற்றுபவராக இருந்து மனைவியும் இந்தியக் குடியாக இருந்தால் கணக்கே மாறுகிறது. குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காது. இந்தியக் குடியாக்க, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

மனைவியிடம் கிரீன் கார்டு. மூன்று வருஷம் வெளியே இருந்தால் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

மற்றவர்களுக்கு அந்தப் பயம் நியாயம். உங்களுக்குச் சட்டமே காவல். குடியேற்றச் சட்டத்தின் 284-ஆம் பிரிவுப்படி, ஆர்டரின் பேரில் படைவீரரோடு தங்கும் துணையும் குழந்தையும் நிரந்தர வசிப்பைக் கைவிட்டதாகக் கருதப்படமாட்டார்கள். 319(இ) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த வெளிநாட்டு வாசத்தையே அமெரிக்காவில் வசித்ததாகக் கணக்கிட்டு, குடியுரிமை நேர்காணலையும் உறுதிமொழியையும் வெளிநாட்டிலேயே முடிக்கலாம். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தோடு ஆர்டர் அல்லது படைப்பிரிவு தரும் டிடி 1278 படிவம் வேண்டும்.

கார்டு காலாவதியானாலும், கணவர் பணி முடிந்து திரும்பும்போது கூடவோ, முன்னாலோ, நான்கு மாதத்துக்குள் பின்னாலோ வந்தால் அதைக் காட்டி நுழைய விதி இருக்கிறது. ஆனால் விமான நிறுவன ஊழியருக்கு இந்த விதி தெரிந்திருக்கும் என்று நம்பி ஏர்போர்ட் போகாதீர்கள். காலாவதிக்கு முன்பே புதுப்பித்துவிடுவது மேல்.

அம்மாவைச் சென்னையிலிருந்து வரவழைத்து எங்களோடு வைத்துக்கொள்ள முடியுமா?

நேட்டோ ஒப்பந்தத்தில் ‘குடும்பத்தார்’ என்றால் துணையும் பிள்ளைகளும் மட்டும். பெற்றோர் வரமாட்டார்கள். நம் வீட்டுக் கணக்கு வேறு, அவர்கள் கணக்கு வேறு. பார்த்துவிட்டுப் போக ஷெங்கன் விசா: அதிகபட்சம் 90 நாள், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஜெர்மனியோடு 1959-இல் செய்த துணை ஒப்பந்தம் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பணத்துக்கோ உடல்நிலை காரணமாகவோ உங்களை நம்பியிருக்கும் நெருங்கிய உறவினர், உங்கள் வீட்டிலேயே, படை அதிகாரிகளின் சம்மதத்தோடு இருந்தால் அவரும் குடும்பத்தாரே. இவை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் மருத்துவர் கடிதமும் இல்லாமல் வெறும் பாசத்தை வைத்து இதை நிரூபிக்க முடியாது. சம்மதம் எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். ஊருக்குப் போக ஓசிஐ (விசா இல்லாமல் இந்தியா போய்வர வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) எடுக்கலாமா?

முடியாது. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ இல்லை என்பது இந்திய அரசின் விதி. நீங்கள் ஒவ்வொரு முறையும் விசாவில்தான் போக வேண்டும். விண்ணப்பத்தில் ராணுவம், போலீஸ் பணி பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதில் பயணம் செய்தால் குற்றம்.

உங்கள் படையின் பக்கத்திலும் வேலை உண்டு. லீவுக்கு எழுதும் முன், நாடு வாரியாகப் பயண விதிகளைச் சொல்லும் அமெரிக்க ராணுவக் கையேடான ஃபாரின் கிளியரன்ஸ் கைடில் இந்தியாவுக்கான பக்கத்தைப் பாருங்கள். லீவில் போகிறவருக்கு என்ன அனுமதி, என்ன பயிற்சி, எத்தனை நாள் முன்னால் என்று அதில் இருக்கும். அது மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்து டிக்கெட் போடாதீர்கள். சாதாரண பாஸ்போர்ட்டின் எண்ணில் விசா எடுங்கள். சீருடையைப் பெட்டியில்கூட வைக்க வேண்டாம்.