பின்தொடர்பவர்கள் இரண்டாயிரம், விற்பனை மூன்று

கேள்வி: வாடிக்கையாளர் கேட்கும் அளவில் மேசை, அலமாரி செய்து விற்கிறேன். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நாள் தவறாமல் படம் போடுகிறேன்; 2,000 பேர் பின்தொடர்கிறார்கள்; விற்பனையோ மூன்றுதான். முப்பதே நாளில் 10,000 பேரைச் சேர்த்துத் தருவதாக ஒரு விளம்பர நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காசு கொடுத்துச் சேர்க்கும் கூட்டத்தில் பெரும்பாலும் போலிக் கணக்குகளும், மரச்சாமான் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும்தான் இருப்பார்கள். இப்படிச் செயற்கையாக ஆள் சேர்ப்பதை இன்ஸ்டாகிராமின் விதிகளும் தடை செய்கின்றன.

2,000 பேர் பின்தொடர்ந்தால் படம் 2,000 பேர் கண்ணிலும் படும் என்று நம்புவதிலிருந்துதான் ஏமாற்றம் தொடங்குகிறது. இன்ஸ்டாகிராம் 2016ஆம் ஆண்டிலேயே கால வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்துப் பதிவுகளை அடுக்கத் தொடங்கிவிட்டது. பேஸ்புக்கோ, நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்றும், வணிகப் பக்கங்களின் பதிவுகள் இனிக் குறைவாகவே தெரியும் என்றும் 2018 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே, உங்கள் படம் சிலரை மட்டுமே சென்றடைவதற்கு உங்கள் வேலைப்பாட்டைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நான்கு மாதத்தில் மூன்று விற்பனை என்பதை நான் தோல்வியாகக் கருதவில்லை. மேசை என்பது தினமும் வாங்கும் பொருளன்று. இன்று உங்கள் படத்தை விரும்பிப் பார்ப்பவர், வீடு மாறும்போதோ பழைய மேசை ஆட்டம் காணும்போதோதான் வாங்குவார், அந்த நேரத்தில் உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வரும்படி செய்வதே சமூக ஊடகத்தால் ஆகக்கூடிய காரியம். அதற்கு ஓராண்டாவது பொறுத்திருக்க வேண்டும்.

பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அன்று. "விலை என்ன?" என்ற கேள்வி இரண்டு நாள் பதிலின்றிக் கிடப்பதையும், "இன்பாக்ஸுக்கு வாருங்கள்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோவதையும் பல வணிகப் பக்கங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். அளவுக்கு அளவு விலை மாறும் என்பது உண்மைதான். ஆயினும், படத்தில் உள்ள மேசையின் நீளம், அகலம், மரம், அதற்கு ஆன விலை, செய்து முடிக்கப் பிடித்த நாள்கள் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட்டால், கேட்டவருக்கு மட்டுமன்றி, கேட்கத் தயங்கி நகர்ந்துவிடும் பலருக்கும் பதில் கிடைத்துவிடும். நாள்தோறும் ஒரு படம் என்று உங்களை வருத்திக்கொள்வதைவிட, இழுப்பறையின் மூலைகளை ஆணியின்றிப் பொருத்துவதைக் காட்டும் ஒரு சிறு காணொளியை வாரம் ஒருமுறை போடுவது மேல்.

கட்டண விளம்பரத்தைச் சிறு தொகையில் முயன்று பார்க்கலாம். ஆனால், ஒரு வாரத்தில் ஏறத்தாழ 50 விளைவுகள் (நீங்கள் இலக்காக வைத்த விற்பனையோ, விசாரித்து வரும் செய்தியோ) கிடைத்த பிறகே விளம்பரத்தின் பலன் ஏற்ற இறக்கமின்றி நிலைபெறும் என்று, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்வதால், இரண்டு நாளில் பலனில்லை என்று அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். உங்களுக்கு 50 விற்பனை ஒரு வாரத்தில் நடக்காது. எனவே விற்பனையை அன்றி, விசாரித்து வரும் செய்திகளை இலக்காக வைப்பதே பொருத்தம்.

விருப்பக்குறிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, மாதம் எத்தனை பேர் விசாரித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முன்பணம் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அதற்கு முன், வாங்கிய அந்த மூவரிடமும் பேசி, எந்தப் படத்தைப் பார்த்து வந்தார்கள், வாங்குவதற்கு முன் எது அவர்களைத் தயங்க வைத்தது என்று கேளுங்கள்.