காலாவதித் தேதி வைத்தால் மட்டும் போதுமா? தடா, பொடா, உபா

"பாதுகாப்புச் சட்டம் எதுவானாலும் அதற்கு இரண்டு, மூன்று ஆண்டு ஆயுள் என்று எழுதிவிட்டால் தனிமனித உரிமைக்கு ஆபத்து இல்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் படிப்பவர் அல்லது போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர் என்று நினைக்கிறேன். பாடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். நடந்தது வேறு.

1987-இன் தடா சட்டத்துக்கு (பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) ஆயுள் இரண்டே ஆண்டு. 1989, 1991, 1993 என்று மூன்று முறை நீட்டித்தார்கள். 1995 மே மாதம் நீட்டிக்காமல் விட்டார்கள், காலாவதியானது. ஆனால் அதன் முதல் பிரிவிலேயே இன்னொரு வரி இருந்தது: சட்டம் முடிந்தாலும் அதன்கீழ் தொடங்கிய புலனாய்வு, விசாரணை, தண்டனை எதுவும் முடியாது. இதைக் காப்புப் பிரிவு என்பார்கள். இதன் பலம் என்ன என்று பார்க்க ராஜீவ் காந்தி கொலை வழக்கு ஒன்றே போதும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இங்கே தடா குற்றமே பொருந்தவில்லை என்று தடாவின்கீழ் வந்த தண்டனைகளை ரத்து செய்தது. ஆனால் தடாவின் 15-ஆம் பிரிவின்கீழ் காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் சான்றாகச் செல்லும் என்றது. சாதாரண வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. சட்டம் போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது, அதன் குற்றப் பிரிவும் விழுந்துவிட்டது, அது உண்டாக்கிய சான்று மட்டும் நின்றது. (அந்த வழக்கில் யார் குற்றவாளி, யார் இல்லை என்று இங்கே விவாதிக்கவில்லை. தயவுசெய்து கருத்துப் பெட்டியில் அதைத் தொடங்காதீர்கள்.)

ஆகவே காலாவதித் தேதியைப் பார்த்தவுடன் காப்புப் பிரிவைத் தேடுங்கள். நிலுவை வழக்குகள் சாதாரண சான்றுச் சட்டத்துக்கும் சாதாரண ஜாமீன் விதிக்கும் மாறும் என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தேதி புதிதாகக் கைதாகப் போகிறவர்களுக்குத்தான் பயன்படும், உள்ளே இருப்பவர்களுக்கு அல்ல.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. 2002-இன் பொடாவுக்கு (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) மூன்று ஆண்டு ஆயுள். அது முடிவதற்குள், 2004 செப்டம்பர் 21 அன்று அவசரச் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதே நாளில் இன்னோர் அவசரச் சட்டம் வந்து, பயங்கரவாதச் செயல், பயங்கரவாத அமைப்பு பற்றிய பொடாவின் பிரிவுகளில் பெரும்பகுதியை 1967-இன் உபாவுக்குள் (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வைத்தது. உபா நிரந்தரச் சட்டம், அதற்குக் காலாவதியே கிடையாது. பிரிவுகள் வீடு மாறின, தேதி மட்டும் கூட வரவில்லை.

நியாயமாகச் சொன்னால் அந்த மாற்றத்தில் நல்லதும் நடந்தது. போலீஸ் வாக்குமூலப் பிரிவை உபாவுக்குள் கொண்டுவரவில்லை. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு திரட்டுதல் என்ற குற்றத்துக்கு, அந்த அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் வேண்டும் என்பதை 39-ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதினார்கள். பொடாவில் அந்தச் சொற்கள் இல்லை. திருமங்கலம் கூட்டத்தில் தடைசெய்யப்பட்ட விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ 2002 ஜூலையில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தது அந்தக் குறையால்தான். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் நோக்கம் வேண்டும் என்று பொருள் சொன்னது. மசோதாவில் இரண்டு சொல் குறைந்தால் அதைச் சரிசெய்யும் வரை ஒருவர் சிறையில் இருக்க வேண்டியிருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது ஜாமீன் பற்றி. 2008-இல் உபாவில் சேர்ந்த 43டி பிரிவு இரண்டு வேலை செய்கிறது. குற்றப்பத்திரிகைக்கான அவகாசம், அரசு வழக்கறிஞரின் அறிக்கையை நீதிமன்றம் ஏற்றால், 180 நாள் வரை போகும். அந்த அறிக்கையில் புலனாய்வின் முன்னேற்றமும், இந்த நபரை இன்னும் ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்ற தனிக் காரணமும் இருக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் போலீஸ் கொடுத்ததை அப்படியே அனுப்பும் தபால் நிலையம் அல்ல என்று தடா காலத்திலேயே, 1994-இல், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, 5-ஆம் உட்பிரிவு: போலீஸ் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை என்று தோன்றினால் ஜாமீன் கிடையாது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் வட்டாலி வழக்குத் தீர்ப்பு, ஜாமீன் கட்டத்தில் அந்த ஆவணங்கள் சான்றாகச் செல்லுமா என்று ஆராயக் கூடாது என்றது. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யாத காகிதமே தாழ்ப்பாள் ஆகிறது. 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில், விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் (உயர் நீதிமன்றங்கள், உச்ச நீதிமன்றம்) ஜாமீன் தரலாம் என்று ஒரு வழி திறந்தது. ஆனால் எத்தனை ஆண்டு இழுத்தால் என்று சட்டத்தில் இல்லை. பொடாவில் இருந்தது: ஓராண்டு காவலுக்குப் பிறகு இந்தத் தடையின் கடுமை தளரும். அந்த ஒரு வரியை உபாவில் சேர்த்தால் நாட்டின் பாதுகாப்பு எதுவும் குறையாது. ஆபத்தானவர் என்று நிரூபிக்க அரசுக்கு ஓராண்டு இருக்கிறது, சாதாரண ஜாமீன் மனுவையும் எதிர்க்கலாம்.

"பயங்கரவாதிக்குப் பரிந்து பேசுகிறாயா" என்று யாராவது கேட்பார்கள். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடுமையான சட்டம் வேண்டும் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பிரச்சினை வேகம். டிசம்பர் 16 அறிமுகம், 17 மக்களவை, 18 மாநிலங்களவை. 43டி இப்படித்தான் வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பி ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் ஓராண்டு வரம்பு ஏன் இல்லை என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. தடுப்புக் காவலில், அதாவது குற்றம் செய்யக்கூடும் என்று விசாரணையின்றி, ஒருவரை அறிவுரைக் குழுவின் (நீதிபதித் தகுதி உள்ளவர்களின் குழு) கருத்து இல்லாமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு. நெருக்கடி நிலைக்குப் பிறகு 1978-இல் 44-ஆம் திருத்தம் அதை இரண்டு மாதமாகக் குறைத்தது. இரு அவைகளும் நிறைவேற்றின, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்தார். ஆனால் மத்திய அரசு குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருந்தது. எத்தனையோ ஆட்சிகள் மாறிவிட்டன, அந்த நாளை யாரும் குறிக்கவில்லை. 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில், அரசை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இன்றைக்கும் மூன்று மாதம்தான்.