ஜன்னலின் உள்பக்கம்: கேளுங்கள், சொல்கிறேன்

கண்ணாடி துடைக்கும் வேலையில் 18 வருடம் ஓட்டியவன் நான். வீட்டுக்குள் நின்றுகொண்டு ஜன்னலைத் துடைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். வெளிப்பக்கம், கயிறு, தொங்கல் எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி: அண்ணா, எவ்வளவு துடைத்தாலும் காய்ந்ததும் கோடு கோடாகத் தெரிகிறது. மூன்று துணி மாற்றிவிட்டேன். எங்கே தப்பு?

பதில்: துணியில் இல்லை, சோப்பில். உள்பக்கக் கண்ணாடியில் மண்ணை விடப் பிசுக்குதான் அதிகம். அடுப்படியிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை, கைரேகை, அதன்மேல் ஒட்டிய தூசி. இதைக் கரைக்க 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு போதும். நுரை பொங்கினால் கூடிப்போச்சு என்று அர்த்தம். சோப்பு அழுக்கைப் பெயர்த்துத் தண்ணீரில் மிதக்கவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டியது நீங்கள். எடுக்காமல் துணியால் பரப்பிக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், சோப்பும் அழுக்கும் அங்கேயே தங்கும். நீங்கள் பார்க்கிற கோடு அதுதான்.

நான் செய்கிற விதம் இது. முதலில் காய்ந்த துணியால் தூசியைத் தட்டிவிடுவேன். பிறகு ஈரத் துணியால் கண்ணாடி முழுக்க நனைத்து, மூலைகளை ஒரு தடவை அழுத்தித் தேய்ப்பேன். மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் காய்ந்த துணியால் ஒற்றி, அங்கிருந்து ரப்பர் வைப்பரைக் கீழே இழுப்பேன். ஈரத்திலேயே வைத்துத் தொடங்கினால் மேலே ஒரு சொட்டுத் தங்கி, பிறகு மெதுவாக வழிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் கொஞ்சம் ஏற வேண்டும். கடைசியில் துணியை விரலில் சுற்றி ஓரங்களை ஒற்றி எடுங்கள். ரப்பர் தடதடவென்று குதித்தால் கண்ணாடி காய்ந்துவிட்டது, அல்லது ரப்பரின் முனை தேய்ந்துவிட்டது.

கேள்வி: கோடு உள்பக்கமா வெளிப்பக்கமா என்றே தெரியவில்லையே?

பதில்: நல்ல கேள்வி. உள்ளே மேலிருந்து கீழாகவும் வெளியே இடமிருந்து வலமாகவும் துடையுங்கள். கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ, தப்பு அந்தப் பக்கம்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் பொங்குகிறதே, அது அழுக்கை நன்றாக எடுக்குமா?

பதில்: பொங்குவது கரியமில வாயு. அது போனபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர், காய்ந்தால் அதுவும் கோடு போடும். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன, உங்கள் கண்ணாடிக்கு ஒன்றும் மிச்சமில்லை. வினிகர் தனியாக, தண்ணீரில் கலந்து, உப்புத்தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு நல்லது. எண்ணெய்ப் பிசுக்கை அது பெரிதாக அசைக்காது.

கேள்வி: ஜன்னல் ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை. பிளீச்சோடு வினிகர் சேர்த்து அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதிலிருந்து குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி திரவத்தோடும் பிளீச் சேரக் கூடாது, அதிலும் நச்சு வாயுதான். சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கி, அப்புறம் நன்றாகக் காய வைப்பது, இது போதும். கண்ணாடியில் தினமும் வியர்க்கிறதா என்று பாருங்கள். அந்த ஈரம் நிற்காதவரை பூஞ்சை திரும்பி வரும்.

கேள்வி: துடைத்தபின் கோடு விழுகிறது, ஏன்?

பதில்: முதல் பதில். சோப்பு.

கேள்வி: செய்தித்தாள் இருக்கும்போது துணி எதற்கு?

பதில்: தாள் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஈரத்தை உறிஞ்சும், பஞ்சு உதிர்க்காது. ஆனால் நனைந்தால் கிழியும், மை கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஏறும். நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர் துணியில் இந்தத் தொல்லை இல்லை. அந்தத் துணியைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

கேள்வி: எங்கள் அம்மா 30 வருடமாகச் செய்தித்தாளில்தான் துடைக்கிறார். உங்கள் துணியை விடப் பளபளப்பு!

பதில்: அம்மாவின் கைப்பழக்கம் அது, தாளுக்கு ஏன் பேர் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: அச்சு மைதான் மெருகு தருகிறது என்கிறார்களே?

பதில்: ஒரே கண்ணாடியில் பாதியை அச்சிடாத அதே தாளாலும், பாதியை அச்சிட்ட தாளாலும் துடைத்து, எது எது என்று சொல்லாமல் நண்பர்கள் இருவரிடம் காட்டினேன். இருவராலும் சொல்ல முடியவில்லை. என் சட்டை மட்டும் கறுத்தது.

கேள்வி: அம்மா கேட்கச் சொன்னார்: வருகிற நாளிதழை வீணாக்கவா?

பதில்: வீணாக்க வேண்டாம், தரையில் விரித்து வாளியை அதன்மேல் வையுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

கேள்வி: இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே மங்கலாக இருக்கிறது.

பதில்: துடைக்க முடியாது. ஓரத்து அடைப்பு விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. மாற்றுபவரிடம் பேசுங்கள்.

கேள்வி: காய்ந்த பெயின்ட் பொட்டுகளை பிளேடால் சுரண்டலாமா?

பதில்: சாதாரணக் கண்ணாடியானால் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, புது பிளேடைச் சாய்த்து, ஒரே திசையில். முன்னும் பின்னும் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கீறும். மூலையில் சின்ன முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் வலுவூட்டிய கண்ணாடி, அதில் பிளேடு வேண்டாம், கீறல் விழும் ஆபத்து அதிகம். நிறப்படலம் ஒட்டிய கண்ணாடியிலும் பிளேடு, அமோனியா இரண்டும் வேண்டாம்.

கேள்வி: சறுக்கு ஜன்னலின் தண்டவாளத்தில் மண்.

பதில்: முதலில் காய்ந்த தூரிகை, பிறகே ஈரம். தண்ணீர் ஊற்றினால் சேறாகி, மழைநீர் வடியும் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும். கண்ணாடிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, கோடு…

பதில்: சோப்பு!

கேள்வி: செய்தித்தாள் அம்மா வீட்டிலிருந்து மறுபடியும். அம்மாவே உங்கள் முறையில் துணியால் துடைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காய்ந்ததும் லேசாகக் கோடு. தாளே மேல் என்கிறார்.

பதில்: எத்தனை சொட்டு சோப்பு போட்டார்?

கேள்வி: கேட்டுச் சொல்கிறேன்… ஒரு மூடி.