ரோமில் ஒரு நாள்: கொலோசியத்துக்கு அப்புறம் எங்கே போகலாம்?

"ரோமில் ஒரே நாள்தான் தங்குகிறோம், கொலோசியம் தவிர எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், பாந்தியன் போங்கள்.

ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 வாக்கில் கட்டி முடித்த கோயில் அது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. கம்பியே போடாத கான்கிரீட்! அந்த வகையில் உலகின் மிகப் பெரிய குவிமாடம் இன்றும் இதுதான். எப்படி நிற்கிறது? மேலே போகப் போகக் கலவையின் கனத்தைக் குறைத்திருக்கிறார்கள். அடியில் கனமான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கக்கூடிய எரிமலைக் கல். தடிமனும் சுமார் 6 மீட்டரிலிருந்து 1.2 மீட்டராகக் குறைகிறது.

உச்சியில் பெரிய வட்டத் திறப்பு. வெயில் அதன் வழியாகச் சுவரில் நகர்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மழையும் உள்ளேதான் விழும். தரையில் இருக்கும் துளைகள் வழியே தண்ணீர் வடிந்துவிடும்.

609-இல் தேவாலயமாக மாறியதால்தான் பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கே இருக்கிறது. சரி, ட்ரெவி நீரூற்று? நடக்கிற தூரம்தான். கூட்டம் சேருமுன் விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.